இரண்டு முறை வந்த படிக்கம், வராமலே போன தூக்குவாளி: பக்கம் பிரித்தலில் ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்குள் ஒரு தடவை போய் வந்தவர்களுக்கு இந்தச் சிக்கலின் பாதி தானாகவே புரிந்துவிடும். எனாமல் தூக்குவாளி, மங்குத் தட்டு, பித்தளைப் படிக்கம், பாக்குவெட்டி, பல்லாங்குழி, பர்மா தேக்குக் கதவு நிலை, ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, ரவி வர்மா அச்சுப்படம் என்று தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் சரக்கு இருக்கும். ஆனால் மளிகைக்கடை மாதிரி ஒரே பொருள் நூறு இருக்காது. ஒவ்வொன்றும் தனிப் பொருள், தனி எண், தனி விலை. ஒன்று தொலைந்தால் அதே மாதிரி இன்னொன்றை வாங்கி அந்த இடத்தில் வைத்துவிட முடியாது.

செட்டிநாட்டுப் பக்கம் அப்படி ஒரு கடை, கூடவே இரண்டு குடோன். சரக்குக் கணக்கு முழுக்க ஓர் இணையச் செயலியில் இருக்கிறது, ஜாங்கோ என்ற பைத்தான் சட்டகத்தில் எழுதியது, பின்னால் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம், பொருள்கள் இருபதாயிரத்துக்குக் கிட்ட. வேறு யாரோ எழுதி ஓடிக்கொண்டிருந்ததை நாங்கள் இருவர் பராமரிப்புக்கு எடுத்துக்கொண்டோம். கேட்ட வேலை சின்னது. சரக்குப் பட்டியல் மட்டும் ஏற்கனவே ஐம்பது ஐம்பதாகப் பிரிந்து வந்தது. விற்பனை, வாடிக்கையாளர், பழுது பார்க்கக் கொடுத்தவை என்று மற்றதெல்லாம் ஒரே நீளமாகக் கொட்டியது. "அதையும் இதே மாதிரி பக்கம் பக்கமாப் பிரிச்சுக் குடுங்க தம்பி, போன்ல திறந்தா சுத்திக்கிட்டே கிடக்கு" என்றார் கடைக்கார அண்ணன்.

இதே மாதிரி என்றதால்தான் முதலில் அந்தச் சரக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தோம். அங்கேதான் பிரச்சினையே இருந்தது.

நடந்தது என்ன

கடையில் ஸ்டாக் எடுத்து முடித்திருந்த நேரம் அது. குடோனில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் கைபேசியோடு ரேக் ரேக்காகப் போய், பட்டியலில் வரும் ஒவ்வொரு பொருளையும் கண்ணால் பார்த்து டிக் அடிப்பார். முதல் சுற்றில் முழுப் பட்டியல். அதில் விட்டுப்போனவற்றுக்கு இரண்டாம் சுற்று, "சரிபார்க்காதவை மட்டும்" என்ற வடிகட்டியைப் போட்டுக்கொண்டு. அதன் பிறகும் டிக் விழாதவை ஓர் அறிக்கையாக அச்சாகும், தலைப்பில் "காணவில்லை" என்று இருக்கும்.

அந்த முறை அறிக்கையில் சில டஜன் பொருள்கள் வந்துவிட்டன. பெரும்பாலும் தூக்குவாளி, பாக்குவெட்டி, வெற்றிலைப் பெட்டி, சின்ன விளக்கு. பையில் போட்டுக்கொண்டு போகிற அளவுப் பொருள்கள்தான் அதிகம் என்பதால் சந்தேகம் நேராகச் சுமை தூக்கும் பையன் மேல் போனது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் குடோன் சாவி அவனிடம் கொடுப்பது நின்றுவிட்டது. எங்களுக்கு இது பேச்சோடு பேச்சாகத்தான் தெரிய வந்தது, பட்டியல் பற்றிய புகாராக அவர்கள் சொல்லவே இல்லை. பட்டியல் தப்பு சொல்லும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அக்காதான் போகிற போக்கில் இன்னொன்று சொன்னார். "ஒரே படிக்கம் ரெண்டு தடவ வருது தம்பி, மொதப் பக்கத்துல கடைசியா வந்தது அடுத்த பக்கத்துல மொதல்ல நிக்கிது." ஒன்று இரண்டு தடவை வருகிறது என்றால் வேறு ஏதோ ஒன்று வராமல் போகவும் வழி இருக்கிறது. அறிக்கையிலிருந்து ஒரு தூக்குவாளியின் எண்ணை எடுத்துத் தேடல் பெட்டியில் அடித்தோம். வந்தது, ரேக் எண்ணோடு. அக்கா போய்ப் பார்த்தார், அந்த ரேக்கில் இரண்டாவது தட்டில் அதே எண் ஒட்டிய தூக்குவாளி இருந்தது. அடுத்த எண், அதுவும் இருந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சொன்னார், "லிஸ்ட்டுல வந்தாத்தானே அவ தேடுவா."

அன்றைக்கே அந்தப் பையனிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்து, தப்பு எங்கே இருந்தது என்று எல்லார் முன்னாலும் அண்ணன் சொல்லிவிட்டார். ஒரு பட்டியல் ஒழுங்காகப் பிரியாததால் ஒரு மனுஷன் மேல் பழி விழப் பார்த்தது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பக்கம் பிரித்தல் என்றால் எல்லாரும் வேகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இந்த இருபதாயிரம் வரிகளுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. முதல் பக்கத்தில் ஆரம்பித்துக் கடைசிப் பக்கம் வரை போனால் ஒவ்வொரு பொருளும் ஒரே ஒரு தடவை, கட்டாயம் ஒரு தடவை, கண்ணில் பட வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஏன் அப்படி வந்தது

ஒரு காரணம் இல்லை, மூன்று காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தன.

சுலபமானது படிக்கம் இரண்டு தடவை வந்தது. பட்டியல் புதியது முதலில் என்று அடுக்கியிருந்தது. பக்கம் எடுக்கும் முறை லிமிட், ஆஃப்செட். அதாவது நான்காம் பக்கம் கேட்டால் மேலிருந்து நூற்றைம்பது வரிகளை எண்ணித் தள்ளிவிட்டு அடுத்த ஐம்பதைக் கொடு என்று பொருள். அக்கா குடோனில் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது அண்ணன் கடையில் உட்கார்ந்து புதிதாக ஒரு பொருளைப் பதிவு செய்தால் அது உச்சியில் போய் உட்காரும், கீழே இருக்கிற எல்லாமே ஓர் இடம் இறங்கும். மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பொருள் நான்காம் பக்கத்தின் முதல் பொருளாக மறுபடி வரும். மாறாக மேலே ஒன்று விற்றுப் பட்டியலிலிருந்து போய்விட்டால் எல்லாம் ஓர் இடம் ஏறும், ஒரு பொருள் இரண்டு பக்கத்துக்கும் நடுவே விழுந்துவிடும். இரண்டு தடவை வருவதைக் கண் பார்க்கும். விழுந்தது விழுந்ததுதான்.

இரண்டாவது காரணம் செட்டிநாட்டுக்கே உரியது என்று சொல்லலாம். இங்கே பழம்பொருள் தனித்தனியாக வருவது குறைவு, வீடு வீடாக வரும். பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்த காலத்தில் எழுந்த வளவு வீடுகள் இவை. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போன பிறகு அந்தப் பக்கத்து வருமானம் அற்றுப்போய், வீடுகள் தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகளுக்குள் பிரிந்து, இன்றைக்கு ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்கு. எல்லாரும் ஒத்துக்கொண்டு வீட்டைக் கொடுப்பது என்று ஆனால் முகப்புத் தூணிலிருந்து அடுப்படி அஞ்சறைப்பெட்டி வரைக்கும் ஒரே நாளில் லாரியில் வந்து இறங்கும். அத்தனைக்கும் ஒரே வரவுத் தேதி. சில தேதிகளில் பட்டியலில் பல பக்கங்கள் முழுக்க ஒரே நாள்தான்.

அந்தப் பட்டியல் வரவுத் தேதியை மட்டும் வைத்துத்தான் அடுக்கியிருந்தது. ஒரே தேதி கொண்ட அறுநூறு பொருளுக்குள் எது முன்னால், எது பின்னால் என்று யாரும் தரவுத்தளத்துக்குச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அது தன் வசதிக்கு எந்த வரிசையிலும் கொடுக்கும், அடுத்த தடவை அதே வரிசையில் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை. போஸ்ட்கிரஸில் ஒரு கேள்விக்கு எப்படி விடை தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: மேல் பக்கங்களுக்கு டாப்-என் ஹீப்சார்ட் என்று வரும், வேண்டிய அளவு மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும் முறை, ஆழமான பக்கங்களுக்கு எல்லாவற்றையும் அடுக்கும் குவிக்சார்ட். இரண்டும் ஒரே தேதிப் பொருள்களை ஒரே மாதிரி அடுக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இதைவிட மோசம், டிக் அடிப்பதே வரிசையைக் கலைத்தது. போஸ்ட்கிரஸ் ஒரு வரியை மாற்றும்போது இருந்த இடத்திலேயே அழித்து எழுதாது, புதிய பிரதியை வேறிடத்தில் எழுதிப் பழையதைக் காலாவதி ஆக்கும். ஒரே தேதிக்குள் இருக்கும் வரிசை பெரும்பாலும் டிஸ்க்கில் கிடக்கும் வரிசையை ஒட்டியே வருவதால், அக்கா ஒவ்வொரு பொருளைச் சரிபார்க்கும்போதும் அது அந்தக் கும்பலில் வேறு இடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஆள் பார்த்துக்கொண்டு போகப் போகப் பின்னால் சீட்டைக் குலுக்கிய கணக்கு.

ஜாங்கோ இதை எச்சரிக்காதா என்றால், வரிசையே சொல்லாத பட்டியலைப் பக்கம் பிரித்தால் எச்சரிக்கும். இங்கே வரிசை சொல்லியிருக்கிறது, அது போதாது என்பதுதான் சங்கதி. அதை ஜாங்கோவால் கண்டுபிடிக்க முடியாது. நேர முத்திரை வைத்தால் தேதி மாதிரி மோதாது என்று நினைக்கவும் வேண்டாம். போஸ்ட்கிரஸில் 'இப்போது மணி என்ன' என்று கேட்கும் நவ் (now) தருவது அந்தப் பரிவர்த்தனை தொடங்கிய நேரம். பழைய ஏட்டிலிருந்து ஆயிரம் வரியை ஒரே மூச்சில் ஏற்றினால் ஆயிரத்துக்கும் நுண்வினாடி வரை ஒரே நேரம்தான் விழும்.

மூன்றாவது காரணம்தான் அந்த அறிக்கையை உண்டாக்கியது. இரண்டாம் சுற்றில் "சரிபார்க்காதவை மட்டும்". முதல் பக்கத்தில் ஐம்பது வருகிறது, ஐம்பதுக்கும் டிக். அந்த நிமிஷமே அவை வடிகட்டியிலிருந்து வெளியே போய்விட்டன, அதுவரை இரண்டாம் பக்கத்தில் இருந்த ஐம்பது இப்போது முதல் பக்கம். அக்கா "அடுத்த பக்கம்" என்று தட்டுகிறார், செயலி ஐம்பதைத் தள்ளிவிட்டு அடுத்த ஐம்பதைக் கொடுக்கிறது. தள்ளிய ஐம்பதை யாரும் பார்க்கவே இல்லை. இப்படியே ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கமாக, மீதி இருந்ததில் பாதி போய்விட்டது. இதில் இன்னொரு கேடு, பக்க எண் எல்லை தாண்டினால் ஜாங்கோவில் பக்கத்தை எடுத்துத் தரும் கெட் பேஜ் பிழை எதுவும் காட்டாது, கடைசிப் பக்கத்தையே மறுபடி கொடுத்துவிடும். பார்த்ததே திரும்ப வந்தால் பட்டியல் முடிந்துவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள், அக்காவும் அப்படித்தான் நினைத்தார்.

முதலில் சோதனை, பிறகு திருத்தம்

திருத்துவதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை நிரல் எழுதிக்கொண்டோம். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை "அடுத்தது" என்று போய், வரும் எண்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைத்து, தரவுத்தளத்தில் நேராக எடுத்த எண்களோடு ஒப்பிடும். இரண்டு தடவை வந்தவை, வராதவை இரண்டையும் சொல்லும். போகும்போதே நடுவில் சிலவற்றுக்கு டிக் அடிக்கும், புதிதாக ஒன்றைச் சேர்க்கும், ஒன்றை விற்கும். நிஜக் கடையில் நடப்பது அதுதானே. பழைய முறை இந்தச் சோதனையில் ஓட்டைச் சல்லடையாகத் தெரிந்தது. பக்கம் பிரித்த எந்தப் பட்டியலுக்கும் இந்தச் சோதனையை எழுதலாம், இருபது முப்பது வரிக்கு மேல் போகாது, ஆனால் பெரும்பாலும் முதல் பக்கத்தில் ஐம்பது வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

முதல் திருத்தம் ஒரே சொல்லில் முடிகிற மாதிரி. வரிசையில் தேதிக்குப் பின்னால் பொருள் எண்ணையும் சேர்ப்பது. எண் ஒவ்வொன்றுக்கும் தனி, அதனால் எந்த இரண்டு பொருளுக்கும் எது முன்னால் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. இது ஒன்றைச் செய்தாலே இரண்டாவது காரணம் ஒழிந்துவிடும். வேறெதுவும் செய்ய நேரம் இல்லாதவர்கள் இதையாவது இன்றைக்கே செய்துவிடுங்கள்.

அடுத்தது ஆஃப்செட்டை எடுத்துவிட்டு, கடைசியாகப் பார்த்த பொருளைச் சொல்லி அதற்கு அடுத்ததிலிருந்து கேட்பது. கீசெட் முறை என்பார்கள், கர்சர் என்றும் சொல்வார்கள். "நூற்றைம்பதைத் தள்ளிவிட்டுக் கொடு" என்பதற்குப் பதில் "இந்தத் தேதி, இந்த எண் கொண்ட பொருளுக்குக் கீழே இருக்கும் ஐம்பதைக் கொடு". மேலே எத்தனை புதிதாக வந்தாலும், எத்தனை விற்றாலும், நாம் நிற்கும் இடம் நகராது. வடிகட்டியோடும் சரியாக வேலை செய்யும், டிக் அடித்தவை போனாலும் அடுத்த ஐம்பது கடைசிப் பொருளுக்குக் கீழேயிருந்துதானே வருகிறது. பெரிய அட்டவணைகளில் வேகமும் கிடைக்கும்: ஆஃப்செட்டில் கடைசிப் பக்கம் கேட்டால் தரவுத்தளம் முன்னால் இருக்கும் அத்தனை வரிகளையும் எடுத்து எறிந்துவிட்டுத்தான் ஐம்பதைத் தரும், கீசெட்டில் இண்டெக்ஸ் (தரவுத்தளம் முன்கூட்டியே அடுக்கி வைத்திருக்கும் தேடல் அட்டவணை) வழியாக நேரே அந்த இடத்துக்குப் போய்விடும். எங்களுக்கு அது கொசுறு.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. ஒப்பீடு அட்டவணையின் இரண்டு பத்திகளையும் (நெடுவரிசைகளையும்) சேர்த்து நடக்க வேண்டும்: தேதி சிறியது, அல்லது தேதி அதேதான் ஆனால் எண் சிறியது. போஸ்ட்கிரஸில் இரண்டையும் அடைப்புக்குள் போட்டு ஜோடியாகவே ஒப்பிடலாம், இரண்டு பத்திக்கும் சேர்த்துப் போட்ட இண்டெக்ஸை அது நன்றாகப் பயன்படுத்தும். ஜோடியாக இல்லாமல் "அல்லது" என்று போட்டு எழுதினால், தேதி சிறியது அல்லது சமம் என்று ஒரு நிபந்தனையை வெளியே தனியாகச் சேர்த்தால்தான் இண்டெக்ஸ் உருப்படியாகப் பயன்படும். ஜோடி ஒப்பீடு வேண்டுமென்றால் இரண்டு பத்தியும் ஒரே திசையில் அடுக்கியிருக்க வேண்டும், தேதி இறங்கு வரிசை என்றால் எண்ணும் இறங்கு வரிசை. அடுத்த பக்கம் இருக்கிறதா என்று தெரிய ஐம்பதுக்குப் பதில் ஐம்பத்தொன்று எடுத்து ஒன்றை மறைத்துக்கொண்டால் போதும். "முந்தையது" பொத்தானுக்கு வரிசையைத் திருப்பிக் கேட்டு, வந்ததை மறுபடி திருப்பிக் காட்ட வேண்டும். ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கில் கர்சர் பேஜினேஷன் என்று தயாராகவே இருக்கிறது, பிஹெச்பி சட்டகமான லாராவெல்லிலும் இருக்கிறது. எங்கள் பக்கங்கள் சாதாரண டெம்ப்ளேட்டுகள் என்பதால் கையால் எழுதினோம்.

சோதனை நிரல் இதற்குப் பிறகும் ஒரு கும்பலைக் காணவில்லை என்றது. அத்தனையும் வரவுத் தேதி இல்லாத பொருள்கள், கடை தொடங்கிய காலத்திலிருந்து கிடப்பவை, எப்போது வந்தது என்று எந்த ஏட்டிலும் இல்லை. மதிப்பே இல்லாத காலி இடத்தைத் தரவுத்தளத்தில் நல் (null) என்பார்கள். அதோடு எதை ஒப்பிட்டாலும் விடை ஆமும் இல்லை, இல்லையும் இல்லை, அதனால் அந்த வரிகள் சத்தமில்லாமல் கழன்றுவிடும். போதாக்குறைக்கு போஸ்ட்கிரஸ் இறங்கு வரிசையில் அந்தக் காலி இடங்களை உச்சியில்தான் வைக்கும், ஆகவே முதல் பக்கத்தின் கடைசிப் பொருளே தேதி இல்லாததாக இருந்து, அதிலிருந்து அடுத்ததைக் கேட்டால் வெறும் காலிப் பக்கம். பொய்த் தேதி போடுவதற்கு அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, அது நியாயம்தான். காரணம் வெறும் கணக்கு மட்டும் இல்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள்களை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், ஏடு வைத்திருக்க வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சுவடி மாதிரி கையெழுத்துப் பிரதிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். தேதி என்ற பெயரில் எதையாவது எழுதி வைத்தால் நாளைக்கு அதையே ஒருவர் ஆதாரமாகப் படிப்பார். அதனால் வரவுத் தேதியை அப்படியே விட்டுவிட்டு, அடுக்குவதற்கு மட்டும் தனியாக ஒரு பத்தி வைத்தோம், அது காலியாக இருக்கவே முடியாது, தேதி தெரியாதவற்றுக்கு எல்லாவற்றுக்கும் முந்திய ஒரு நாள், திரையில் அது வரவே வராது.

விற்பனைப் பட்டியலில் வேறு ஒரு பொறி. அங்கே நேர முத்திரை, போஸ்ட்கிரஸ் அதை நுண்வினாடி வரை வைத்திருக்கிறது, உலாவியில் ஜாவாஸ்கிரிப்டின் டேட் மில்லிவினாடியோடு நிறுத்திவிடும். கடைசி வரியின் நேரத்தைத் திரையில் வாங்கித் திருப்பி அனுப்பினால் வால் அறுந்துதான் வரும், அந்த இடைவெளியில் இருக்கும் பில் காணாமல் போகும். ஆகவே அடுத்த பக்கத்துக்கான குறியைச் சர்வரே ஓர் எழுத்துச் சரமாகக் கட்டிக் கொடுக்கும், உலாவி அதைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே திருப்பித் தரும்.

பெயர் வரிசை

வாடிக்கையாளர் பார்க்கும் பட்டியலில் பெயர் வரிசையும் கேட்டார்கள். தமிழில் பெயர் வரிசை என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். யூனிகோடு எண் வரிசையிலேயே அடுக்கினால் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருகிறது, அதனால் கடகப்பெட்டி முதலிலும் கட்டில் அப்புறமும் வரும். அகராதி பார்த்துப் பழகியவர்கள் கட்டிலைத்தான் முன்னால் தேடுவார்கள், ஏனென்றால் ட் முன், ட பின். அதே மாதிரி ன ந-வின் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும், ழ வ-வுக்கு முன்னால் போய்விடும். போஸ்ட்கிரஸில் ஐசியு (மொழிவாரி அகரவரிசை விதிகள் கொண்ட மென்பொருள் நூலகம்) வழியாகத் தமிழ் வரிசையை அந்தப் பத்திக்கே நிர்ணயித்துவிட்டால் சரியாகும்.

பக்கம் பிரித்தலுக்கு இது ஏன் முக்கியம் என்றால், அடுக்கும் வரிசையும் ஒப்பிடும் வரிசையும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். பட்டியலைத் தமிழ் வரிசையில் அடுக்கிவிட்டு "இந்தப் பெயருக்கு அடுத்தவை" என்ற கேள்வியை எண் வரிசையில் கேட்டால், ஒரு சுற்றில் கட்டில் தெரியும், கடகப்பெட்டி தெரியாது. பத்தியிலேயே நிர்ணயித்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே விதி வந்துவிடும், இண்டெக்ஸும் அதே விதியில் அமையும். ஐசியு பதிப்பு உயரும்போது இண்டெக்ஸைத் திரும்பக் கட்ட வேண்டும் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கொட்டான் என்பதில் இருக்கும் கொ-வை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது; உள்ளே வரும்போதே இரண்டையும் ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

பக்க எண் வேண்டுமா

இங்கேதான் அண்ணனோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கீசெட்டில் "பதினேழாம் பக்கம்" என்று குதிக்க முடியாது, அடுத்தது, முந்தையது மட்டும்தான். "பக்க நம்பர் இல்லாம எப்படித் தம்பி? அவ எங்க நிறுத்துனான்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு வேற ஆளு வந்தா எங்கேருந்து தொடங்குறது?" என்றார். எங்களுக்கு இது சரியான கேள்வியாகவே பட்டது. ஏட்டில் ஸ்டாக் எடுத்த காலத்தில் பக்க எண்ணைச் சொல்லித்தான் வேலையைக் கை மாற்றியிருக்கிறார்கள். முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் பட்டியல் வைக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அதை உடனே கைவிட்டோம். குடோனில் சிக்னல் போய்ப் பக்கம் மறுபடி திறந்தால் இருந்த இடம் போய்விடும்.

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்பது பக்க எண் இல்லை, அசையாத பட்டியல். கடைச் சரக்கு நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும், அதில் பதினேழாம் பக்கம் என்பதற்குக் காலையில் ஒரு பொருள், மாலையில் ஒரு பொருள். ஆனால் ஸ்டாக் எடுப்பது என்பதே ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இருந்த சரக்கைச் சரிபார்ப்பதுதானே. ஆகவே ஸ்டாக் தொடங்கும் பொத்தானை அழுத்தியதும் அந்த நேரத்துப் பட்டியலைத் தனி அட்டவணையில் எழுதிவிடுகிறோம், குடோன், ரேக், தட்டு என்ற வரிசையில் ஒன்றிலிருந்து தொடர் எண் போட்டு. அக்கா நடந்து போகிற வழியும் அதுதான், தேதி வரிசையில் ரேக்குக்கு ரேக் தாவ வேண்டியதில்லை. தொடர் எண் மாறவே மாறாது என்பதால் பக்க எண்ணும் மாறாது: பதினேழாம் பக்கம் என்றால் 801 முதல் 850 வரை, என்றைக்குத் திறந்தாலும், யார் திறந்தாலும். டிக் அந்தத் தனி அட்டவணையில் விழும். நடுவில் விற்றுப்போனது இடத்தை விட்டு மறையாது, "விற்றது" என்று சாம்பல் நிறத்தில் நிற்கும். நடுவில் புதிதாக வந்தது இந்தச் சுற்றில் சேராது, அடுத்த சுற்றில் வரும். வடிகட்டி போட்டாலும் தொடர் எண் அப்படியே இருக்கும், பக்கம் சுருங்காது, டிக் விழுந்தவை ஒரே வரியாக மடங்கிக்கொள்ளும்.

மொத்த எண்ணிக்கை பற்றியும் பலர் பயமுறுத்துவார்கள், போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு தடவையும் வரிகளை எண்ணித்தான் சொல்லும், பெரிய அட்டவணையில் அது கனமான வேலை என்று. உண்மைதான். ஆனால் இருபதாயிரத்துக்கு அது ஒன்றுமே இல்லை, "20,000-இல் 850 முடிந்தது" என்று தெரிவது அக்காவுக்குப் பெரிய தெம்பு. ஆகவே எண்ணுகிறோம். கோடிக்கணக்கில் வரி இருப்பவர்களின் அறிவுரையை அப்படியே கடைக்குக் கொண்டுவந்து அந்த எண்ணிக்கையை எடுத்துவிடுவது சரியில்லை.

கைபேசியில் சுற்றிக்கொண்டே கிடந்ததற்கும் பட்டியல் நீளம் பாதிக் காரணம்தான். ஒவ்வொரு வரிக்கும் கேமரா எடுத்த முழு அளவுப் படம் இறங்கிக்கொண்டிருந்தது. சின்னப் படமாகச் சுருக்கி, திரைக்குள் வரும்போது மட்டும் இறக்கினோம், அதோடு அந்தப் புகார் நின்றது.

அடுத்த ஸ்டாக் புதிய முறையில் எடுத்தார்கள். அறிக்கையில் வந்த சில பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடியதில், பாலிஷுக்குக் கொடுத்தவை, ரேக் மாற்றி வைத்தவை, ஒரு பாக்குவெட்டி மட்டும் உண்மையிலேயே இல்லை. அதை யாரும் யார் மேலும் போடவில்லை, கழித்து எழுதிவிட்டார்கள். சோதனை நிரல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு தானாக ஓடுகிறது. விலை வரிசை மட்டும் இன்னும் பாக்கி, ஏனென்றால் "விலை கேட்கவும்" என்று போட்ட பொருள்களுக்கு விலை காலியாக இருக்கிறது, அவற்றை முதலில் காட்டுவதா கடைசியில் காட்டுவதா என்று அண்ணன் இன்னும் முடிவு சொல்லவில்லை.